மயிரிழைப் பிசகு

ஐந்து துளைகளைத் துளிப் பிசகும் இல்லாமல் ஒரே நேர்கோட்டில் போட எந்த இயந்திரத்தாலும் முடியாது. கண்ணுக்கு நேராகத்தான் தெரியும். நுண்ணோக்கியில் வைத்தால் ஒன்று இடப்பக்கம் ஒதுங்கியிருக்கும், அடுத்தது வலப்பக்கம். விலகல் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கோ சில பங்கோ இருக்கும். நாம் எழுதும் தாளின் தடிமனே ஏறக்குறைய நூறில் பத்துப் பங்குதான். சாவி இல்லாமல் பூட்டைத் திறக்கும் பொழுதுபோக்கு மொத்தமும் அந்த மயிரிழைப் பிசகை நம்பித்தான் நடக்கிறது.

இந்தப் பொழுதுபோக்கில் ஊறியவன் என்பதால், பிடித்த பூட்டு எது என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. கேட்பவர் மனதில் பெரும்பாலும் இருப்பது ‘திறக்கவே முடியாத பூட்டு எது’ என்ற கேள்வி. என் விருப்பம் அதை வைத்து அமைவதில்லை. தன்னைச் செய்த கையைப் பற்றியோ இயந்திரத்தைப் பற்றியோ விரலுக்கு அதிகம் சொல்கிற பூட்டே எனக்குப் பிடித்த பூட்டு. அது ஏன் என்று விளங்க, பூட்டின் வயிற்றுக்குள் நடப்பதைப் பார்த்தாக வேண்டும்.

சாவியின் ஒரு விளிம்பில் மட்டும் ஏற்ற இறக்கமாக வெட்டுகள் இருக்கின்றனவா? அது ‘பின்’ பூட்டு. லைனஸ் யேல் என்ற அமெரிக்கர் 1861-ல் காப்புரிமை பெற்ற அமைப்பு. அதன் மூலக் கருத்து பழங்கால எகிப்தின் மரப்பூட்டுகளிலேயே இருந்தது. உறைக்குள் ஓர் உருளை. உறையையும் உருளையையும் ஊடுருவிப் போகும் ஐந்து துளைகள். ஒவ்வொரு துளையிலும் மேலும் கீழுமாக இரண்டு பின்கள், அவற்றை அழுத்திக்கொண்டு ஒரு சுருள்வில். பூட்டியிருக்கும்போது மேல்பின் உறைக்கும் உருளைக்கும் குறுக்கே நிற்பதால் உருளை திரும்பாது. சாவி உள்ளே போனதும் ஒவ்வொரு ஜோடியும் தனக்குரிய உயரத்துக்குத் தூக்கப்படுகிறது. ஐந்து ஜோடிகளின் இடைவெளியும் உருளையின் விளிம்பில் ஒரே வரிசையாக வந்து நின்றதும் உருளை சுழல்கிறது.

ஒவ்வொரு பின்னுக்கும் ஆறு உயரம் சாத்தியம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பின்னுக்கு ஆறை ஐந்து முறை பெருக்க வேண்டும்: 7,776 விதமான சாவிகள். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க எவருக்கும் பொறுமை இருக்காது. பிசகு தன் வேலையைக் காட்டுவது இந்த இடத்தில்தான். உருளையை ஒரு கம்பியால் லேசாகத் திருப்பப் பார்த்தால், ஐந்து மேல்பின்களும் சேர்ந்து அதைத் தடுப்பதில்லை. துளைகள் ஒரே கோட்டில் இல்லாததால் முதலில் ஒரே ஒரு பின்தான் இறுகுகிறது, மற்ற நான்கும் தளர்வாகக் கிடக்கின்றன. இறுகியதைத் தேடிப் பிடித்து மெல்லத் தூக்கினால், சரியான உயரத்தில் உருளை அணுவளவு அசைந்து அந்த மேல்பின்னை வெளியே நிறுத்திவிடும். இப்போது இறுகுவது அடுத்த பின். இப்படி ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கண்டுபிடித்தால், அதிகம் போனால் ஐந்து பின்னுக்கும் ஆறு ஆறு உயரம், ஆக முப்பது சோதனை. பெருக்கிப் பெருக்கிக் கட்டிய பாதுகாப்பு வெறும் கூட்டல் கணக்காக இறங்கிவிடுகிறது. பூட்டைத் திறக்கும் அறிவியலில் இதைவிட அழகான இடம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

அந்த அணுவளவு அசைவு விரலுக்கு எப்படித் தெரிகிறது? கையில் இருப்பது எஃகுக் கம்பி, பின்னைத் தொடுவது அதன் நுனி, விரல் இருப்பதோ மறுமுனையில். நம் தோலின் ஆழத்தில் பசினியன் நுண்ணுறுப்புகள் என்று வெங்காயம்போல் அடுக்கடுக்கான உணர்விகள் இருக்கின்றன. 19-ஆம் நூற்றாண்டில் அவற்றை விவரித்த இத்தாலிய உடற்கூறியலாளர் பிலிப்போ பசினியின் பெயர் அவற்றுக்கு நிலைத்துவிட்டது. நொடிக்கு 200 முதல் 300 முறை வரை அதிரும் அதிர்வுகளுக்கு அவை மிகக் கூர்மையானவை. கையில் பிடித்த கருவி வழியாக ஒரு பொருளின் சொரசொரப்பை அறிவது பெரும்பாலும் இவற்றின் வேலை. பின் ஒன்று விளிம்பில் விழும்போது ‘டிக்’ என்று கேட்டதாகத் தோன்றும். உண்மையில் பாதி காது, பாதி விரல். கம்பியை முரட்டுத்தனமாக இறுக்கிப் பிடித்தால் இந்த உணர்வு மங்கிவிடும். பழகியவர்கள் கம்பியைப் பேனாவைவிடத் தளர்வாகப் பிடிப்பதன் காரணம் அதுதான்.

எனக்குப் பூட்டு பொழுதுபோக்கு. இடுக்கி மலையில், சக்குப்பள்ளம் பக்கத்து அணக்கரையில் இருப்பவர்களுக்கோ பூட்டு அன்றாடக் கவலை. ஏலக்காய் விளையும் ஊர். பறித்து, ஸ்டோரில் உலர்த்தி, புற்றடி ஏலத்துக்குப் போகும்வரை ஒரு மூட்டைக்குள் ஒரு குடும்பத்தின் பல மாத உழைப்பு அடைபட்டிருக்கும். ஸ்டோர் கதவில் தொங்கும் பூட்டை மழையும் பனியும் சும்மா விடுவதில்லை. இறுகிய பூட்டுக்கு இங்கே எல்லோரும் செய்யும் வைத்தியம், சாவித் துவாரத்தில் தேங்காய் எண்ணெய். கோடையில் அது வேலையும் செய்யும். ஆனால் தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24, 25 டிகிரியிலேயே உறையத் தொடங்கிவிடும் கொழுப்பு. சுமார் ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த ஊரில் மார்கழி விடியலில் வெப்பம் அதைவிட நன்றாகவே கீழே இறங்கும். வெள்ளையாக உறைந்த எண்ணெயை எதிர்த்து அந்தச் சின்னஞ்சிறு சுருள்வில்லால் பின்னைக் கீழே தள்ள முடியாது. சாவி பாதியில் நிற்கும். வெயில் ஏறியதும் அதே சாவிக்குப் பூட்டு திறக்கும். உறையாத எண்ணெயும் தூசியோடு சேர்ந்து பசையாகிப் போகும். பென்சில் கரியான கிராபைட் தூளுக்கு இந்தத் தொல்லை இல்லை. அதன் கார்பன் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன, குளிருக்கு உறைய அதில் ஒன்றும் கிடையாது. ஸ்டோர் வைத்திருக்கும் அண்ணன்மாரிடம் நான் ஓயாமல் சொல்லும் ஒரே விஷயம் இது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை, ஏனென்றால் உறைந்த பூட்டைச் சுத்தியலால் அடித்து வீணாக்குவதைப் பார்க்கச் சகிக்காது.

மலிவான பித்தளைப் பின் பூட்டுகள் கற்றுக்கொள்ள நல்லவை. துளைகள் தாராளமாக விலகியிருக்கும், பின்கள் இறுகும் வரிசை தெளிவாகக் கிடைக்கும். கொஞ்ச காலத்தில் அவை சலித்துவிடும். அதற்கு அடுத்த படியில் இருக்கும் ‘ஸ்பூல்’ பின் பூட்டை என்னால் விடவே முடியவில்லை. அதன் மேல்பின்கள் நூற்கண்டுக் கட்டையின் வடிவில் இடை ஒடுங்கியவை. தூக்கும்போது அந்த ஒடுங்கிய இடை உருளையின் விளிம்பில் சிக்கிக்கொள்ள, உருளை சில பாகை சட்டென்று திரும்பி நின்றுவிடும். திறந்தே விட்டது என்று கை நம்பும். ஆனால் திறந்திருக்காது. இப்போது சிக்கிய பின்னைத் தூக்கினால் உருளை பின்னோக்கித் திரும்பப் பார்க்கும். அதற்கு இடம் கொடுத்து, திருப்பும் விசையைத் தளர்த்த வேண்டும். அதிகம் தளர்த்தினால் அதுவரை நிறுத்திய பின்கள் எல்லாம் கீழே விழும். வலுவைக் கூட்டி ஜெயிக்க முடியாத பூட்டு இது. கையிலிருக்கும் விசையைச் சிறுகச் சிறுகக் குறைத்துக்கொண்டு வரத் தெரிந்தவருக்குத்தான் திறக்கும்.

பின்லாந்தில் எமில் ஹென்ரிக்சன் 1907-ல் வடிவமைத்த சுழலும் வட்டத்தகட்டுப் பூட்டையும் சொல்ல வேண்டும். ‘அப்லாய்’ என்று உலகம் அறிந்த பூட்டு அது. சுருள்வில்லே கிடையாது. சாவி ஒவ்வொரு வட்டத்தகட்டையும் ஒரு குறிப்பிட்ட கோணத்துக்குத் திருப்புகிறது, எல்லாப் பள்ளங்களும் ஒன்றுசேரும்போது ஒரு தண்டு அதில் இறங்கிப் பூட்டு விடுபடுகிறது. பனிக்கும் மண்ணுக்கும் நடுவே உழைக்க உகந்தது. தரமாகச் செய்ததைத் திறக்கத் தனிக் கருவி வேண்டும், நிறையப் பொறுமையும் வேண்டும். மதிக்கிறேன், ஆனால் அதனோடு எனக்கு நெருக்கம் வரவில்லை. அத்தனை துல்லியமான இயந்திர வேலையில் விரலுக்குக் கிடைக்கும் செய்தி மிகக் குறைவு.

நெருக்கம் எல்லாம் திண்டுக்கல் பூட்டோடுதான்.

குமுளியில் இறங்கி, கம்பம், தேனி வழியாக மலையடிவாரத்தை விட்டு விலகிப் போகும் நெடுஞ்சாலை திண்டுக்கல்லில் போய்ச் சேர்கிறது. நாகல் நகர், நல்லாம்பட்டி, யாகப்பன்பட்டி பக்கமெல்லாம் வீட்டுத் திண்ணையையே பட்டறையாக்கி, தலைமுறை தலைமுறையாகப் பூட்டு செய்தவர்கள் இருக்கிறார்கள். மாம்பழ வடிவில் இருக்கும் மாங்காய்ப் பூட்டு, சதுரப் பூட்டு, சாவியைத் திருப்பும்போது மணியடிக்கும் மணிப்பூட்டு, கதவுப் பூட்டு, மேசை இழுப்பறைப் பூட்டு என்று வகைகள் ஏராளம். பூட்டுத் தொழிலாளர்களின் கூட்டுறவுச் சங்கம் 1957-ல் அமைந்தது. 2019 ஆகஸ்டில், காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்குக் கிடைத்த அதே சமயத்தில், திண்டுக்கல் பூட்டுக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது.

இவை பின் பூட்டுகள் அல்ல, லீவர் பூட்டுகள். உள்ளே தட்டையான தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். ஒவ்வொரு தகடும் ஒரு முனையில் ஆணியில் மாட்டி, மறுமுனை மேலும் கீழும் அசையும்படி இருக்கும். அதுதான் லீவர். ஒவ்வொரு லீவரிலும் ஒரு வாய் வெட்டப்பட்டிருக்கும். பூட்டின் தாழில் ஒரு முளை துருத்திக்கொண்டிருக்கும். சாவி எல்லா லீவர்களையும் தூக்கி வாய்கள் அனைத்தையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தால் முளை உள்ளே நுழையும், தாழ் நகரும். எந்த லீவரும் தாழ்ந்தும் இருக்கக் கூடாது, கூடுதலாக எழவும் கூடாது. இந்த இரண்டு பக்கத் தடையை இங்கிலாந்தின் ராபர்ட் பாரன் 1778-ல் காப்புரிமை செய்தார். மும்பையில் அர்தேஷிர் கோத்ரெஜ் 1897-ல் தொடங்கிய நிறுவனத்தின் ‘நவ்தால்’ பூட்டுகளும் இந்தக் குடும்பம்தான். அவற்றின் மேல் ‘7 லீவர்’ என்று பொறித்திருப்பது உள்ளே இருக்கும் தகடுகளின் எண்ணிக்கை.

லீவர் பூட்டின் மானம் கப்பலேறிய கதையும் உண்டு. 1818-ல் ஜெரமையா சப் ஒரு புதிய லீவர் பூட்டைச் செய்தார். ஏதாவது ஒரு லீவரை அளவுக்கு மேல் தூக்கினால் அது ஒரு கொக்கியில் மாட்டிக்கொள்ளும். அதன் பிறகு சரியான சாவியும் உடனே திறக்காது. யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று உரிமையாளருக்கு அதிலிருந்தே தெரிந்துவிடும். போர்ட்ஸ்மத் துறைமுகத்துச் சிறைக்கப்பலில் இருந்த, பூட்டுத் தொழில் தெரிந்த ஒரு கைதியிடம் ‘இதைத் திறந்தால் உனக்கு விடுதலை’ என்று கொடுத்துப் பார்த்ததாகவும், மாதக்கணக்கில் முயன்றும் அவரால் முடியவில்லை என்றும் அந்தப் பூட்டின் வரலாறு சொல்கிறது. 1851-ல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சிக்கு வந்த ஆல்பிரட் சார்லஸ் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் சாட்சிகள் முன்னிலையில் அதே வகைப் பூட்டை 25 நிமிடத்தில் திறந்தார். ஏழே நிமிடத்தில் திரும்பப் பூட்டியும் காட்டினார், பூட்டுக்கு ஒரு கீறலும் இல்லை. அவர் செய்ததும் இதே வேலைதான்: தாழுக்கு விசை கொடுத்து, முளை எந்த லீவரின்மேல் முதலில் இறுகுகிறது என்று பார்ப்பது. அளவுக்கு மேல் தூக்கியதைக் காட்டிக்கொடுக்கும் கொக்கி உரிமையாளருக்குச் செய்தி சொல்வதைப்போலவே திறப்பவருக்கும் செய்தி சொல்கிறது. அந்த லீவரின் எல்லை எது என்பதை அதுவே அறிவித்துவிடுகிறது.

பின்னர் ஹாப்ஸ் ஜோசப் பிராமாவின் பூட்டை எடுத்தார். திறப்பவருக்கு 200 கினி பரிசு என்ற அறிவிப்போடு லண்டன் கடை ஜன்னலில் பல பத்தாண்டுகளாக இருந்த பூட்டு. 16 நாட்களில் பரவிய 51 மணி நேர வேலையில் அதுவும் திறந்தது. அதன் நழுவுதகடுகளில் உண்மையான வெட்டோடு சில பொய்வெட்டுகளும் இருந்தன. நழுவுதகடு பொய்வெட்டில் மாட்டும்போது சரியான இடம் கிடைத்துவிட்டதாகக் கை ஏமாறும். 1817 வாக்கில் சேர்க்கப்பட்ட தந்திரம் இது.

திண்டுக்கல் பூட்டில் இந்த இயற்பியல் வேறு முகம் காட்டுகிறது. தொழிற்சாலையில் லீவர்கள் அச்சில் வெட்டப்படுகின்றன. உயரங்கள் குறிப்பிட்ட சில படிகளில்தான் வரும். படிகள் எண்ணத்தக்கவை என்றால் சாவிகளும் எண்ணத்தக்கவை, ஒரு சாவி இன்னொருவர் பூட்டையும் திறந்துவிடும் வாய்ப்பு எங்கோ இருக்கத்தான் செய்யும். பட்டறையில் லீவரையும் சாவியையும் ஒன்றுக்கொன்று பொருத்தி, அரத்தால் ராவி, போட்டுப் பார்த்து, மீண்டும் ராவுகிறார்கள். உயரத்துக்குப் படி கிடையாது, அரம் நின்ற இடம்தான் உயரம். அதனால் கள்ளச்சாவி போடுவது கடினம். கம்பியோடு உட்காரும் எனக்கு இது இரண்டு விதமாக வந்து சேர்கிறது. கைவேலையில் லீவர்களுக்குள் வித்தியாசம் கூடுதல் என்பதால் எது முதலில் இறுகுகிறது என்பது சட்டென்று பிடிபடும். ஆனால் அரம் விட்டுப்போன கோடுகள் லீவரின் முகத்தில் அப்படியே இருக்கின்றன. முளை ஒவ்வொரு கோட்டையும் தாண்டும்போது ஒரு சின்ன ‘டிக்’. உண்மையான வாய்க்கு வந்துவிட்டோமா, வெறும் அரக்கோட்டில் நிற்கிறோமா என்று விரலுக்குத் தெரியாது. யாரும் திட்டமிடாமலே, பிராமா பூட்டின் பொய்வெட்டுக்கு நெருங்கிய ஒன்று அங்கே உருவாகியிருக்கிறது.

வில்களும் இங்கே பலமானவை. பின் பூட்டுக்குப் போதுமான மெல்லிய கம்பி இதில் வளைந்துபோகும். தடித்த கம்பி வேண்டும், விசையும் கூடுதலாக வேண்டும், விசை கூடினால் உணர்வு குறையும். திறக்கும் கணத்தில் பெரிய பித்தளைத் தாழ் நகர்வதை முழங்கை வரை உணரலாம். பழைய பூட்டுகளை வாங்கிப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், ஒரே பட்டறையின் வேலை என்று சிலவற்றை விரலாலேயே அடையாளம் சொல்ல முடிகிறது. வாய் வெட்டிய கோணமும் ராவிய திசையும் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு மனிதர் தன் வேலையைச் செய்த விதம் உலோகத்தில் பதிந்திருக்கிறது, அதைப் பூட்டைப் பிரிக்காமலே வாசிக்க முடிகிறது என்பது என்னை இன்றும் சிலிர்க்கவைக்கிறது. இயந்திரத்தில் செய்த மலிவுப் பூட்டுகளின் வரவால் அந்தப் பட்டறைகள் குறைந்துகொண்டே வருகின்றன. பிள்ளைகள் வேறு வேலைக்குப் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. இழப்பு மட்டும் பெரியது.

பிசகே வழி திறக்கும் என்ற இதே விதிக்கு எண் பூட்டுகளும் கட்டுப்பட்டவைதான். இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெய்ன்மன் அணுகுண்டுத் திட்டக் காலத்தில் லாஸ் அலமோஸில் பெட்டகங்களைத் திறந்து சக விஞ்ஞானிகளைக் கலங்கடித்தவர். நூறு எண்கள் கொண்ட வட்டில் மூன்று எண்களைச் சரியாக வைக்க வேண்டும், ஆக பத்து லட்சம் சேர்க்கைகள். ஆனால் பொறியமைப்பு தளர்வானது, சரியான எண்ணுக்கு இரண்டு முன்பின் இருந்தாலும் ஏற்றுக்கொண்டது. ஆகவே ஐந்து எண்ணுக்கு ஒன்றைச் சோதித்தால் போதும்: இருபதை மூன்று முறை பெருக்கி 8,000. பெட்டகம் திறந்து கிடக்கும் வேளையில் கடைசி இரண்டு எண்களையும் விரலால் உணர்ந்து குறித்துக்கொள்வார். பிறகு மிச்சம் இருபதே சோதனை. அவருக்கும் வழி திறந்தது செய்முறையில் இருந்த தளர்வுதான்.

பூட்டைத் திறக்கும் விதத்தை விளக்குவது திருட்டுக்குப் பாடம் சொல்வதாகாதா என்ற கேள்வி ஹாப்ஸ் காலத்திலேயே எழுந்தது. திருடர்களுக்கு இதெல்லாம் ஏற்கெனவே தெரியும், வாங்குபவருக்குத்தான் தெரியாது என்பது அவருடைய வாதம். அதை நானும் ஏற்கிறேன். நடைமுறையில் வீடு புகுபவர் பூட்டின் முன் பொறுமையாக உட்காருவதில்லை, நாதாங்கியையே பெயர்த்துவிடுவார். ஜெர்மனியின் ஹம்பர்க்கில் 1997-ல் இதற்கென ஒரு சங்கம் தோன்றியது முதல், உலகமெங்கும் இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் பின்பற்றும் நெறி இரண்டு. உனக்குச் சொந்தமில்லாத பூட்டை உரியவர் சம்மதமின்றித் தொடாதே. சொந்தமே ஆனாலும் புழக்கத்தில் இருக்கும் பூட்டில் பழகாதே. இரண்டாவதன் காரணம் எளிது: கம்பி உள்ளே ஒரு வில்லைக் கெடுத்துவிட்டால் அன்றிரவு கதவு பூட்டாது, அல்லது திறக்காது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 445-ஆம் பிரிவு வீடு உடைத்தல் என்று சொன்ன ஆறு வழிகளில், அத்துமீறி நுழையப் பூட்டைத் திறப்பதும் ஒன்று. 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது தொடர்கிறது. பழகுவதற்குப் பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கும் பூட்டே போதும். சாவி தொலைந்த திண்டுக்கல் பூட்டுகள் தேனிப் பக்கத்துக் கடைகளில் இன்னமும் கிடைக்கின்றன.

இந்தப் பூட்டு செய்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. லீவரின் வாய்க்கு இருபுறமும் ஆழமில்லாத பொய்வெட்டு இரண்டு ராவ வேண்டும், தாழின் முளையில் அதற்கேற்ற சிறு பற்களும் வேண்டும். புதிய இயந்திரம் எதுவும் தேவையில்லை, முக்கோண அரம் போதும், ஒரு பூட்டுக்குக் கொஞ்ச நேரக் கூடுதல் வேலை. சாவி போடுபவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. கம்பி போடுபவருக்கோ முளை முதல் லீவரின் பொய்வெட்டிலேயே மாட்டி நிற்கும், அந்த லீவர் அதன் பிறகு அசைய மறுக்கும். விசையை முழுக்க விட்டுவிட்டு, முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். அரக்கோடுகள் தற்செயலாகச் செய்துவரும் வேலையைத் தெரிந்தே செய்த ஒரு மாங்காய்ப் பூட்டு எனக்கு வேண்டும். அதற்கு என்ன கூலி கேட்டாலும் கொடுப்பேன்.